காயம் ஏதுமில்லை

"எங்கயாவது அடி, சதைப்பிடிப்பு, குறுக்குவலி இருக்கா?" என்று காப்பீட்டு அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றான் இன்னாசி.

அதிகாரிக்குச் சந்தோஷம். அந்தத் தூத்துக்குடிக் கிடங்கில் சுமை தூக்குகிறவர்களுக்கு எந்திரச் சட்டை கொடுத்த இந்த நாலு வருஷத்தில் ஒருவருக்கும் காயமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு "தூக்கு" என்று சொன்னால் போதும், உப்பு மூட்டை தலையணைபோல மேலே வரும். வேலை முடிந்ததும் அதை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். வெளியே போட்டுக்கொண்டு போனால் காப்பீடு செல்லாது.

அன்று மாலை மாதா சப்பரம் பார்க்க மகள் ஜெனிபாவைக் கூட்டிப்போனான். தெரு கொள்ளாத கூட்டம். அவளுக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது.

"யப்பா, தோள்ல ஏத்துங்க."

அவள் கக்கத்தில் கைகொடுத்து, பழக்கத்தில் "தூக்கு" என்றான். கை எழும்பவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி முயன்றான். ஆறு வயதுப் பிள்ளையின் பாதம் அவன் முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை.

ஜெனிபா அவன் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க உக்காருங்கப்பா. நானே ஏறிக்கிடுதேன்."

அவன் தெருவிலேயே குந்தினான். அவள் தோளில் ஏறி அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. கொட்டுச் சத்தம் நெருங்கியது. சப்பரத்தின் வெளிச்சம் ஜனங்களின் கால்களுக்கிடையே மெல்ல நகர்ந்தது.

"மாதா தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுப்பா," என்றாள் ஜெனிபா, முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே.