நாலாம் நாள் நிலா

ஞாயிறு பள்ளியைப் பார்வையிட வந்த கண்காணிப்பாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார். டீச்சர் தன் கையால் வெட்டிய துணிப் படங்களை, கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்த வரிசைப்படி பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் நாளுக்குச் சூரியன் வந்தது, நட்சத்திரங்கள் வந்தன. அடுத்து ஐந்தாம் நாளுக்கு மீனை எடுத்தாள்.

"நிலா எங்கம்மா?"

"அது மட்டும் இல்லைங்க ஐயா."

"அப்போ ராத்திரியெல்லாம் இருட்டாவே கிடக்கட்டும்னு விட்டுட்டீங்களா? இந்தப் பழசையெல்லாம் தூக்கிப் போடுங்க. அச்சடிச்ச படம் அனுப்புறேன்."

டீச்சர் மீனை ஒட்டி, அதன் வாலை விரலால் நீவிவிட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவருக்குத் தண்ணீர் எடுத்துவர வெளியே போனாள்.

முன்வரிசைச் சிறுமி திரும்பினாள். "டீச்சர் தொலைக்கல ஐயா. ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க."

"திருப்பிக் கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேப்பாங்க? அது டீச்சரோட சொந்தப் பையன், எங்க கிளாஸ்தான். போன வருஷம் காய்ச்சல்ல செத்துட்டான். இருட்டுன்னா அவனுக்கு ரொம்ப பயம். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி டீச்சர் நிலாவ அவன் கையில வெச்சாங்க. நாங்க எல்லாரும் பார்த்தோம்."

டீச்சர் தண்ணீரோடு வந்தபோது அவர் 'குறைகள்' என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துக்கொண்டிருந்தார்.

"பலகையை எப்போ எடுக்கணுங்க ஐயா?"

"அது அங்கேயே இருக்கட்டும்மா. மீன் எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கு பாருங்க. அஞ்சாம் நாளைச் சொல்லுங்க."