ஆறாவது தாள்

"இது ஒண்ணுதான் நாசம்," என்றார் பேராசிரியர் சிவசங்கர்.

உள்ளங்கை அகலத் தாள் அது. சாமை வைக்கோலின் நாரை அரைத்துச் செய்தது. கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும். அதன் மேல் வெள்ளி மையால் அச்சடித்த மெல்லிய கோடுகள், ஒரு பொட்டு விளக்கு, ஒரு பட்டன் பேட்டரி. குதிரில் சாமைக்குள் செருகி, விளக்கு மட்டும் வெளியே தெரிய வைக்க வேண்டும். தானியத்தில் ஈரம் ஏறினால் விளக்கு எரியும்.

மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்க்க, நெல்லிவாசல்நாடு மலைக்கிராமத்தில் ஆறு வீடுகளுக்கு ஆய்வு மாணவி நிவேதா கொடுத்துவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஆறில் ஐந்து தாங்கினால் அவள் ஆய்வு தேறும். இல்லையென்றால் இன்னொரு மழைக்காலம். 'இந்த வருஷம் எம்பொண்ணு டாக்டர்' என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஐந்து தாள்கள் கொடுத்த மேனிக்கு இருந்தன. ஊதினால் மூச்சின் ஈரத்துக்கே விளக்கு எரிந்தது. செல்லியின் தாள் மட்டும் சுருங்கி, ஓரம் கிழிந்து, கோடுகள் அறுந்து கிடந்தது.

"இன்னாம்மா பண்ணீங்க இத?" என்றார் சிவசங்கர்.

"சாமைக்குள்ளதான் சார் வெச்சிருந்தேன்."

"எல்லாரும்தான் வெச்சிருந்தாங்க. அவங்களுது நல்லாத்தானே இருக்கு?"

செல்லி விழித்தாள். "வெளக்கு எரியிறப்ப வெளிய எடுத்து வெச்சிட்டு…"

"அதானே பார்த்தேன். எடுத்து நோண்டியிருக்கீங்க."

"அவ வூட்டுல சட்டி பானையே ஒரு வருஷம் தாங்காது சார்," என்றார் தாள் வாங்கிய இன்னொரு வீட்டுக்காரர் கோபால்சாமி. எல்லாரும் சிரித்தார்கள். செல்லி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

சிவசங்கர் நோட்டில் எழுதினார்: ஆறுக்கு ஐந்து. "தப்பிச்ச, போ," என்று நிவேதாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

அப்போதுதான் நிவேதாவுக்கு மூச்சே வந்தது.

கோபால்சாமியின் மனைவி மாதம்மாள் ஒரு பை நிறையப் புளி கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "பாஸாய்ட்டியா பாப்பா?"

"ஆமாங்க்கா."

"ஆவாம இன்னா? நாங்க அஞ்சு வூட்டுக்காரங்களும் அன்னிக்கே பேசி வெச்சிக்கினோம். படிக்கிற பொண்ணு, நம்பிக் குடுத்துட்டுப் போவுது, கெட்டுப்போனா மார்க்கு போய்டும்னு. அவங்கவங்க பொட்டில, கல்யாணப் பொடவை மடிப்புல வெச்சிட்டோம். நீ வர்ற சேதி கேட்டுதான் வெளியவே எடுத்தோம்."

நிவேதா தன் தோள்பையில் போட்டிருந்த ஆறு தாள்களையும் குனிந்து பார்த்தாள்.

"செல்லிகிட்டயும் சொன்னேன். 'பாப்பா வெக்கச் சொன்ன எடத்துலதான் வெப்பேன்'னுட்டா. பொழைக்கத் தெரியாதவ."

"அக்கா… உங்க சாமை?"

"பாதி பூஞ்சணம் புடிச்சிட்ச்சி. அது கெடக்குது, வுடு."

"செல்லி அக்கா வூட்டுது?"

"அவளுது கெடல. வெளக்கு எரியிறப்பெல்லாம் குதிருல கெடந்த சாமைய வெளிய வாரி, காய வெச்சிக் காய வெச்சித் திரும்பக் கொட்டிக்கினு இருந்தா. அதுலதான் தாளு கிழிஞ்சிட்ச்சி."

ஜீப் ஹாரன் அடித்தது.

மாதம்மாள் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. நோட்டில் எழுதியாகிவிட்டது. அப்பாவின் முகம் ஒரு தரம் வந்து போனது. புளிப் பை கையில் கனத்தது.

நிவேதா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் முன் சொன்னாள்.

"சார், ஆறுக்கு அஞ்சு இல்ல. வேலை செஞ்சது ஆறுக்கு ஒண்ணு."

"ஒண்ணா? எது?"

நிவேதா தோள்பையைத் திறந்து, சுருங்கிக் கிழிந்த அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.