சீமாட்டியின் குட்டிகள்

நாய் டாக்டர் சீமாட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டது மருமகள்தான்.

மேசைமேல் நின்ற சீமாட்டிக்கு எந்தக் கவலையும் இல்லை. சப்பை மூக்கால் குறட்டை விட்டபடி டாக்டரின் சட்டைப் பொத்தானை மோந்துகொண்டிருந்தது.

மாமனார் நாற்காலி நுனியில் இருந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர். இல்லாத சீட்டுக்கும் ஆள் ஏற்றிப் பழகியவர். சீமாட்டிக்கு இன்னும் ஜோடியே அமையவில்லை. அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குக் குட்டி தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

பரணிலிருந்து தொட்டிலையும் இறக்கித் துடைத்து வைத்திருந்தார். நாய்க்குட்டிகளுக்குத்தான் என்றார். மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜோடி சேர்க்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டணும். படி ஏறினாலே அதுக்கு மூச்சு வாங்குது" என்று ஒற்றைக்காலில் நின்றவர் மாமியார். மாமனாரும் கூட வந்தே ஆக வேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"இதயம் சரியில்லை. சினையானா தாய் தாங்காது. தாங்கினாலும் குட்டிகளுக்கும் இது வரலாம். இப்படியே இருந்தா நல்லா இருக்கும். குட்டி மட்டும் வேண்டாம்."

மருமகள் சுவரைப் பார்த்தாள்.



மாமனார் எழுந்து வந்தார். அதன் காதைச் சொறிந்துவிட்டார்.

"போகட்டும் கழுதை. குட்டி போடலேன்னா நம்ம வீட்டுப் பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா?"

வாக்குக் கொடுத்தவர்களுக்குச் சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குரல் உள்ளேவரை வந்தது. "குட்டியெல்லாம் கிடையாதுய்யா. அதோட உடம்புதான் முக்கியம். எறங்கு, எறங்கு."

மாமியார் மெல்ல மருமகளின் கையைப் பிடித்தார்.

"உன் டாக்டரும் இதைத்தானே சொன்னாங்க? என் பையன் வாயில என்னிக்கு ரகசியம் தங்கியிருக்கு?"

மருமகள் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள். கூடவே கொஞ்சம் கண்ணீரும் வந்தது.

"மாமாகிட்ட எப்படி அத்தை சொல்றது?"

"பாதியை டாக்டரே சொல்லிட்டாரு. மீதியை நான் பார்த்துக்கறேன். முதல்ல நாய் விஷயத்துல பழகட்டும்னுதான் அவரைக் கூட்டிட்டு வந்தேன்."