பதினோரு வரிக்காரி

"எதுவானாலும் பத்தரைக்குள்ள பேசி முடிச்சிரலாங்க" என்று இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டு, கேசரி எடுத்துவர உள்ளே போனார் பெண்ணின் அம்மா மலர்விழி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம்தானே என்று தமிழ்ச்செல்வனின் அம்மா குழம்பினாள். மார்கழி பிறக்க இன்னும் இரண்டே நாள். இண்டூர் வரைக்கும் பெண் பார்க்க வந்துவிட்டுப் பஞ்சாங்கச் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

தமிழ்ச்செல்வனுக்கு அது வசதியாகப் போயிற்று. டிசம்பர் பிறந்தால் போதும், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று தினமும் காலை பத்தரைக்கு இணையத்தில் ஒரு புதிர் வரும். பெங்களூர் கம்பெனி வேலையைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு அதில் விழுந்து கிடக்கிற ஆள் அவன்.

பையனும் பொண்ணும் தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் வீட்டுக்குப் பின்பக்கம் அனுப்பினார்கள். காவியா மாட்டு டாக்டர். பார்க்க லட்சணம், போதாததற்குச் சிரித்த முகம். பாவி மனசு ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. ஆனாலும் நெஞ்சில் ஒருத்தியை வைத்துக்கொண்டு இன்னொருத்திக்குத் தாலி கட்டுவது அநியாயம் இல்லையா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். மூன்று வருஷமாக டிசம்பர் முழுக்க அவனும் ஒரு பெண்ணும் தனித்தனியாகப் புதிரைப் போட்டு முடித்து, எழுதியதை மாற்றி அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவன் நாற்பது வரி எழுதியதை அவள் பதினோரு வரியில் முடித்திருப்பாள். உங்களுடையதும் நல்லாத்தான் இருக்கு என்று ஆறுதல் வேறு சொல்லுவாள்.

முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. தர்மபுரி ஜில்லா என்பது மட்டும் தெரியும். இணையத்தில் இவன் பெயர் பரிசல், அவள் பெயர் சோளக்கொல்லை. தலைக்குக் குளித்ததில் லேட்டாகிவிட்டது, சீயக்காய் இன்னும் போகவில்லை என்று ஒரு நாள் அவள் எழுதினாள். அன்றைக்கே இவன் மனசு பறிபோய்விட்டது.

"கட்டுனா அவங்களத்தான் கட்டணும்னு இருக்கேங்க. என்னப் புடிக்கலைன்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா எங்கம்மா தாங்காது."

காவியா கோபித்துக்கொள்வாள் என்று பயந்தான். அவளோ அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

"சோளக்கொல்லைங்க."

அவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு நல்ல பெண்ணை அழ வைத்துவிட்டோமே என்று தமிழ்ச்செல்வன் அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினான்.

அழுகை இல்லை, சிரிப்பு. அடக்க மாட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாயேன். பரிசல் உன்னப் பாக்கத்தான் வந்திருக்காரு."