அம்மா அப்பாவுக்கு ஒரு கூடை

"கிறிஸ்துமஸ் கூடை யாருக்கும்மா?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"அம்மா அப்பாவுக்கு. ரெண்டு பேரும் ஐம்பதை நெருங்குறாங்க," என்றாள் தங்கை.

"அப்போ மூட்டுவலித் தைலம் வைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! அம்மாவுக்குப் பாதாம், அப்பாவுக்குக் காபித்தூள். இனிமே அவங்களுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு."

அண்ணன் பணத்தை எடுத்து நீட்டினான். வெட்கக்கேடு என்று கத்திவிட்டு வீட்டைவிட்டுப் போனவன், மாதக்கணக்கில் அம்மாவிடம் பேசவில்லை. தங்கைதான் இன்று இழுத்துவந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் கூடையோடு தயங்கி நின்றான். அம்மா தலைகுனிந்தாள். அப்பா கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, துணியில் சுற்றிய சின்ன உயிரை அவன் கையில் கொடுத்தார்.

"உன் தம்பிடா. காலையிலதான் பொறந்தான்."

பிஞ்சு விரல்கள் அவன் சுண்டுவிரலை இறுகப் பிடித்தன. அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா... நானும் இத்தனூண்டாத்தான் இருந்தேனா?"