முழங்கை பொறுக்கும் சூடு

சபையில் ஆணோ பெண்ணோ, யார் இறந்தாலும் குளிப்பாட்ட ரூத்தம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடமாக இதுதான் அவள் ஊழியம். வார்டில் பழகியபடி, வெந்நீரில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்த பிறகே ஊற்றுவாள்.

"செத்தவங்களுக்கு எதுக்கு சிஸ்டர் வெந்நி?" என்று கூட வருகிறவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள்.

இன்று அவள் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை.

"இன்னைக்கு ஒருநாள் நீங்க உக்காருங்க சிஸ்டர், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். அவளுக்காகவே வெந்நீரும் வைத்திருந்தார்கள்.

ரூத்தம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். வாளிக்குள் முழங்கையை விட்டவள் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு செம்பு கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க" என்றாள். "அவுகளுக்கு இந்தச் சூடு பத்தாது."