நாட் ஒரிஜினல்

"நாட் ஒரிஜினல்" என்றார் வெள்ளைக்காரர், பதினோராவது முறையாக.

மெக்கானிக் கரீம் கழற்றிக் கொடுத்த டைனமோவைத் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் வைத்தார். சாக்கில் ஏற்கெனவே பத்து சாமான்கள் கிடந்தன.

கரீம் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த டைனமோ அம்பாசடருடையது. அதை இந்தக் காரில் உட்கார வைக்க, எழுபத்தொன்றில் அவர் மூன்று நாள் மெனக்கெட்டிருந்தார்.

காலை ஒன்பது மணியிலிருந்து இதே கூத்துதான். பெரியநாயக்கன்பாளையத்தில் மூடிக்கிடந்த மில்லின் கார் ஷெட். முப்பது வருஷமாக கரீம் ஓடவைத்த வண்டி. லண்டனிலிருந்து வந்த நைஜல், தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் விரலை நீட்டுவார். கரீம் ஸ்பானரை எடுக்கவேண்டும்.

தான் பூட்டியதைத் தானே கழற்றிக் கொடுப்பதைவிட எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை என்று கரீமுக்குத் தோன்றியது.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து இங்கிலீஷ் கார் அது. அந்த மாடலில் உலகத்திலேயே பதினாலுதான் மிச்சமாம். பதினைந்தாவது கோயமுத்தூர்ப் பக்கம் இருப்பதாக யாரோ சொல்லப்போக, நைஜல் கப்பலேற்றிக் கொண்டுபோயே தீருவது என்று வந்து இறங்கிவிட்டார். ஐந்து வாரம் அலைந்திருக்கிறார். அவிநாசியில் இரண்டு கோழிக் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறார். ஆனைமலையில் ஒரு தேங்காய்க் களத்துக்காரர் நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார். கடைசியில்தான் இங்கே வந்தார்.

மில் மனையை வாங்கியவர்கள் திங்கட்கிழமை ஷெட்டை இடிக்கப்போகிறார்கள். இன்று சனிக்கிழமை. நைஜல் வேண்டாமென்று சொல்லிவிட்டால், வண்டியைத் துண்டு போட்டு இரும்பு எடைக்கு ஏற்றிப் போக லாரி சொல்லியாகிவிட்டது.

"என்ன பாய், எல்லாத்தையுமா மாத்துனீங்க?" என்று மில் முதலாளி பாலகோபால் பல்லிடுக்கில் கேட்டார். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"வண்டி ஓடோணுமின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க, மொதலாளி."

பாலகோபால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சீமையில இருந்து சாமான் வராத காலமுங்க அது" என்றார் கரீம். "நாம செஞ்சு போடலீன்னா வண்டி அன்னைக்கே நின்னு போயிருக்கும். அதையச் சொல்லுங்க அவருகிட்ட."

பாலகோபால் சொன்னார். நைஜல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தலையசைத்தார். பிறகு வாட்டர் பம்ப் மூடியைக் காட்டினார்.

அது கணபதியில், கிணற்று மோட்டார் வார்க்கிற ஃபவுண்டரியில் கரீம் கூடவே இருந்து வார்த்து வாங்கியது. இருபது வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

"நாட் ஒரிஜினல்."

கியர் கம்பியின் குமிழ், நாட் ஒரிஜினல். பெட்ரோல் குழாய், நாட் ஒரிஜினல். கதவுப் பூட்டு, இடது லைட்டின் வளையம், பிரேக் மிதி. சாக்கில் பதினேழு ஆனது. ஒவ்வொன்றுக்கும் இருந்த கதையைக் கேட்க அங்கே ஆளில்லை. நன்றாக இருக்கிறது என்றுகூட அந்த மனிதர் சொல்லவேண்டாம். யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்கலாமில்லையா?

நைஜல் புத்தகத்தை மூடினார். உதட்டைப் பிதுக்கினார். கிளம்பப்போகிறவர்போலத் தொப்பியைக்கூட எடுத்துவிட்டார்.

பிறகு ஏதோ நினைவு வந்து, டார்ச்சோடு பானெட்டுக்குள் மறுபடி குனிந்தார். எஞ்சினுக்குப் பின்னால், தகரச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு திருகியிருந்தது. சேசிஸ் நம்பர் அடித்த தகடு. கட்டைவிரலால் கரியைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

கரீம் கைத்துணியை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

நைஜல் பாலகோபாலைக் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. மூச்சு விடாமல் பேசினார். பாலகோபால் திரும்பி, நம்பமுடியாதவராகச் சொன்னார்.

"கடைசி ஏழு கொஞ்சம் சாஞ்சிருக்குதாம் பாய். போலி பண்றவன் நேரா அடிச்சிருப்பானாம். இது அந்தக் கம்பெனித் தொழிலாளி சுத்தியல்ல அடிச்சதாம். நல்ல கைகாரனாம் அந்த ஆளு. இது ஒண்ணு போதும், மத்ததையெல்லாம் அங்க போயி மாத்திக்கிறேன்னு சொல்றாரு. வண்டிய எடுத்துக்கறாராம்."

நைஜல் தகட்டை நாலு கோணத்தில் படம் பிடித்தார். பிறகு கேமராவைத் தணித்து, அன்றைக்கு முதல்முறையாக கரீமின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தத் தகட்டுல நீங்க எப்பவாச்சும் கைவெச்சிருக்கீங்களான்னு கேக்கறாரு."

காலையிலிருந்து கரீம் காத்திருந்த கேள்வி அது. வாய்வரை வந்துவிட்டது பதில். சாக்கில் கிடந்த பதினேழு சாமான்களையும் பார்த்தார். பானெட் திறந்து நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார். "அதுல மட்டும் நான் கைவெக்கலீங்க."

எழுபத்தெட்டில், பேட்டரி ஆசிட் அரித்துத் தின்றுவிட்ட பழைய தகட்டுக்குப் பதிலாக, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அவர் அதை அடித்து முடித்த அன்று, கடைசி ஏழு கோணிப்போய்விட்டதே என்ற ஆத்திரத்தில், மனைவி உம்மல் குல்சும் போட்ட சோற்றைத் தொடாமலே எழுந்து போயிருந்தார்.